மடுவத்து வளைவில் இரண்டு கார்கள்

விளக்கு வெளிச்சத்தில் எந்தக் கல்லும் நல்ல பிள்ளைதான். அதனால்தான் இரத்தினபுரியில் இரத்தினக் கல் வியாபாரம் செய்கிறவர்கள் காலை வெயிலுக்குக் காத்திருப்பார்கள். விஜயகலாவும் அப்படித்தான். சொந்தமாகக் கல் வெட்டும் பட்டறை வைத்திருக்கிறாள். ஆண்களே நிறைந்த அந்தச் சந்தையில் அவள் ஒரு கல்லை உள்ளங்கையில் வைத்து வானத்துப் பக்கம் திருப்பினால், விற்க வந்தவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கார் வாங்க வந்த இடத்திலும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை.

"றஊப் நானா, இந்த லைட்டையெல்லாம் அணைச்சிட்டு ரெண்டு காரையும் வெளிய எடுங்க. வெயில்ல பாக்கணும்."

றஊப் சிரித்துவிட்டார். அவரும் ஒரு காலத்தில் கல் தரகர்தான். வாகன இறக்குமதி மறுபடி திறந்ததும் ஜப்பானிலிருந்து கார்களை இறக்கி விற்கத் தொடங்கியவர். மறுபேச்சில்லாமல் இரண்டையும் முற்றத்துக்கு எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்.

ஒன்று வெள்ளை. ஊரில் ஆசிரியர், டாக்டர், வங்கி மனேஜர் என்று யார் வைத்திருந்தாலும் பொருந்துகிற மாதிரி, பார்த்ததும் பழகிவிடுகிற முகம். மற்றது சிவப்பு. சும்மா சிவப்பு இல்லை. மாதுளை முத்தை வெயிலில் பிடித்தால் உள்ளே ஓர் ஆழம் தெரியுமே, அந்தச் சிவப்பு. உள்ளே சந்தன நிறத்தில் தோல் இருக்கைகள், வெளியே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாத கறுப்புக் கண்ணாடி. இரண்டும் பெட்ரோலிலும் பெட்டரியிலும் மாறி மாறி ஓடுகிற ஹைபிரிட். உயரமும் நீளமும்கூட ஏறக்குறைய ஒன்றுதான். விலை மட்டும் ஒன்றைப் பார்த்து மற்றது சிரிக்கும்.

"கலா, நான் சொல்றதக் கேளு," என்றான் ஸ்ரீதரன். விஜயகலாவின் கணவன். கணித ஆசிரியர். மாதக்கணக்காக இந்த இரண்டு கார்களைப் பற்றியும் வீடியோ பார்த்துப் பார்த்து, கனவில்கூட டயர் அளவு சொல்லிக்கொண்டிருந்த மனிதன். "உள்ள இருக்குறது ரெண்டுக்கும் ஒரே எஞ்சின். பேருக்கும் தோலுக்கும்தான் இவ்வளவு மேல கேக்குறாங்க. வெள்ளையில பின் சீட்டு அகலம், டிக்கியும் பெருசு. நமக்கு வேற என்ன வேணும்?"

"ஒரே குழியில எடுத்த கல்லுங்கதான் எல்லாம். வெட்டுலதாங்க வெல. அத என்கிட்டயே சொல்றீங்களா?"

அந்த வாதத்தில் அவளை இதுவரை யாரும் வென்றதில்லை.

சிவப்புக் காரின் கதவைத் திறந்து, மூடினாள். அந்தக் கதவு மூடுகிற சத்தமே அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் மனதுக்குள் அது தன் காராகிவிட்டது. ஆனால் தனக்காக அவள் அதைக் கேட்கவில்லை. அக்காவுக்காகக் கேட்டாள்.

அக்காவின் பெயர் சின்னம்மா. பெல்மதுளைக்கு மேலே பெரியபாறைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். அம்மா போன பிறகு விஜயகலாவைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். இப்போது முழங்கால் தேய்ந்துபோய், இரத்தினபுரி ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு அடிக்கடி வந்து போகிறாள். வருவது பஸ்ஸில். நெரிசலில் தொங்கி, இறங்கும்போது பல்லைக் கடித்து, சந்தியிலிருந்து நொண்டி நொண்டி நடந்து. வீட்டில் பழைய சின்னக் கார் ஒன்று இருக்கிறது. "நான் வந்து ஏத்திட்டுப் போறேன், ஏறுக்கா," என்று விஜயகலா எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டாள். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "பஸ்ஸே போதும்."

அந்தப் பதில் விஜயகலாவைச் சுட்டது. லயத்து வரிசை வீட்டில் இருக்கிறவள், கையில் கொழுந்துக் கறையோடு இருக்கிறவள், தங்கச்சியின் காரில் ஏறக் கூச்சப்படுகிறாள் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். அப்படியென்றால் கூச்சத்தை உடைக்க ஒரே வழிதான். ஊரே திரும்பிப் பார்க்கிற காராக வாங்கி, அதன் முன் சீட்டில் அக்காவை உட்கார வைத்து, ஆஸ்பத்திரி வாசலில் மகாராணி மாதிரி இறக்க வேண்டும்.

"இதைக் கொண்டுபோய் நிறுத்துனா அக்கா எப்படி ஏறாம இருப்பான்னு பாக்குறேன்," என்றாள்.

"உயரம் சரியா இருந்தா ஏறுவாங்க. முழங்கால்தான் பிரச்சினை. சிவப்பா இருந்தா என்ன, பச்சையா இருந்தா என்ன?" என்றான் ஸ்ரீதரன்.

றஊப் இருவரையும் பார்த்தார். பிறகு இரண்டு சாவிகளையும் அவர்கள் முன்னால் நீட்டினார். "புருசனும் பொஞ்சாதியும் இங்க நிண்டு சண்டை புடிக்க வாணாம். ரெண்டையும் தோட்டத்துக்குக் கொண்டு போங்க. அக்காட கால் எதுல ஏறுதோ அத எடுங்க."

"ரெண்டையுமா? கையெழுத்து ஏதாவது..." என்று இழுத்தான் ஸ்ரீதரன்.

"மாஸ்டர், நீலக்கல்லையே ஒரு துண்டுக் கடதாசி இல்லாம, வாய் வார்த்தைல குடுத்து வாங்குற ஆக்கள் நாங்க. கலா தங்கச்சிக்குக் கார் குடுக்கக் கையெழுத்தா?"

அன்று சனிக்கிழமை. பகல் கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அக்காவை மடுவத்திலேயே பிடித்துவிடலாம். கொழுந்தைக் கொண்டுவந்து நிறுத்துக் கொடுக்கிற கொட்டகைதான் மடுவம். விஜயகலா சிவப்பில் ஏறினாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை. ஸ்ரீதரன் வெள்ளையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான்.

பெல்மதுளைச் சந்தியில் பழ வண்டிக்காரன் கூவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். முச்சக்கரவண்டிக்காரர்கள் வழி விட்டார்கள். வழக்கமாக அவர்கள் லொறிக்குக்கூட வழி விடுகிறவர்கள் இல்லை. விஜயகலா கண்ணாடிக்குள்ளிருந்து எல்லாவற்றையும் ரசித்துக்கொண்டே போனாள். ரசித்தால் என்ன தப்பு? உழைத்துச் சம்பாதித்தவள் ரசிக்காமல் வேறு யார் ரசிப்பது?

தோட்டத்து கேட்டில் வாச்சர் அழகமுத்து காவல் இருப்பார். பழைய காரில் வந்தால் எழுந்திருக்கக்கூட மாட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே "என்னா கலா, வெத்தல ஏதாச்சும் கொண்டாந்தியா?" என்று கேட்டுவிட்டு வழி மறிக்கும் தடியைத் தூக்குவார். இன்றைக்கு சிவப்புக் காரைக் கண்டதும் துள்ளி எழுந்தார். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். தொப்பியைச் சரிசெய்து, விறைப்பாக நின்று ஒரு சலூட் அடித்தார். விஜயகலாவுக்குச் சிரிப்பு வந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது என்பதும் உண்மை. கண்ணாடியை இறக்கித் தான் யாரென்று காட்டியிருக்கலாம். காட்டவில்லை. அக்கா முகத்தில்தான் முதலில் அந்த ஆச்சரியத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

லயங்களைத் தாண்டும்போதுதான் ஏதோ நடக்கிறது என்று பட்டது. ஒரு பெண் ஓடிவந்து ஆட்டைக் கயிற்றோடு இழுத்து வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். ஒருவர் சாரத்தை அவசரமாக அவிழ்த்துக் கட்டினார். மேலே மலையில் யாரோ இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்துவது தெரிந்தது. மூடிய கண்ணாடிக்குள் அது அவள் காதில் விழவில்லை.

விழுந்திருந்தால் அவளுக்கு உடனே புரிந்திருக்கும். "வீ.ஏ. தொரை வர்றாரு! வீ.ஏ. தொரை வர்றாரு!"

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதன் அர்த்தத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கம்பனி எப்போதாவது ஒருமுறை தோட்டத்தைப் பார்வையிட ஒரு பெரிய ஆளை அனுப்பும். அவருக்குப் பெயர் விசிட்டிங் ஏஜன்ட், சுருக்கமாக வீ.ஏ. தொரை. அவர் வருவது இப்படித்தான் இருக்கும்: முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட பளபளக்கும் கார், பின்னால் கணக்குப் பார்க்கிறவருக்கு ஒரு வெள்ளைக் கார். இரண்டு புதுக் கார் வரிசையாக மலை ஏறினால் இந்த மக்களுக்கு வேறு நினைப்பே வராது. பக்கத்து ஊரார் யாராக இருந்தாலும் கல்யாண வீடு என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மடுவத்து வளைவுக்கு முன்னால் ஒரு மதகு. மழையில் ஒரு பக்கம் இடிந்து போய் வெகுநாளாகிறது. விஜயகலாவின் பழைய கார் அதைத் தாண்டாது, வயிறு இடிக்கும். அவள் அதைக் கீழேயே நிறுத்திவிட்டு நடந்துதான் வருவாள். சிவப்புக் கார் உயரமாக இருந்ததால், அவள் மெதுவாக, மிக மெதுவாக அதை ஏற்றி இறக்கினாள். அந்த வேகத்தில் எஞ்சின் நின்று பெட்டரியில் ஓடியது. சத்தமே இல்லை. வளைவைத் திரும்பினாள்.

தெரு முழுக்கப் பெண்கள். கொழுந்துப் பையை முதுகில் போட்டபடி, இடுப்பில் கட்டிய படங்குத் துணியோடு, மடுவத்திலிருந்து இறங்கி வந்து வழியை மறித்து நின்றார்கள். நடுவில் சின்னம்மா. முழங்காலில் துணிக்கட்டு. முகத்தில் ஒரு பயமும் இல்லை. தொழிற்சங்கத்தில் அவள்தான் மாதர் தலைவி. அந்த நிற்கிற நிற்பைப் பார்த்தாலே தெரியும்.

விஜயகலா பிரேக்கை மிதித்தாள். சின்னம்மா முன்னால் வந்து கார் பொனட்டில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள்.

"தொரை! எறங்குங்க! எங்க கூட நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போங்க!"

விஜயகலாவின் கைபேசி அடித்தது. பின்னாலிருந்து ஸ்ரீதரன். "கலா, என்னை ஓரமா நிக்கச் சொல்லிட்டாங்க. 'கிளார்க்கு ஐயா, நீங்க பேசாம உள்ள இருங்க'ன்னு ஒரு அம்மா சொல்லுது. என்ன நடக்குது?"

"தெரியலீங்க. அக்கா என்னத் தொரைங்குறா."

அவள் கண்ணாடியை இறக்கப் போன அதே நேரம் மேலேயிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் தெறித்து வந்து நின்றது. சின்னத்தொரை. தோட்டத்து உதவி முகாமையாளர். இளம் வயது, சிங்களவர், தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. குளித்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு வந்திருக்க வேண்டும். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. பெண்களை விலக்கிக்கொண்டு கார் ஜன்னலருகே வந்து நின்று, குனிந்தார்.

கண்ணாடி இறங்கியது.

முதலில் பார்த்தது சின்னம்மாதான். காரின் வாசலில், கைக்கெட்டும் தூரத்தில். பட்டுச் சேலை, விரலில் நீலக்கல் மோதிரம், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தன் தங்கச்சி. சின்னம்மாவின் கண் ஒருமுறை இமைத்தது. அவ்வளவுதான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. கைகளைக் கூப்பினாள்.

"வணக்கம் மேடம்," என்றாள்.

விஜயகலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயைத் திறப்பதற்குள் சின்னத்தொரை முந்திக்கொண்டார். "குட் மோர்னிங் மேடம். எங்களுக்கு அறிவிக்கவில்லையே... திடீரென்று..." பகல் பன்னிரண்டு மணிக்குக் குட் மோர்னிங் சொல்கிற அளவுக்குப் பதற்றம்.

அவர் யாரென்று கேட்கவில்லை. கார் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். விஜயகலா அக்காவைப் பார்த்தாள். அக்காவின் கண் "பேசு" என்றது. சின்ன வயதில் கங்காணியிடம் மாட்டிக்கொள்ளும்போது காட்டுகிற அதே கண். விஜயகலாவுக்கு அதற்கு மேல் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சந்தையில் நூறு தரகர்களிடம் காட்டிய முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, சிங்களத்தில் கேட்டாள்: "இந்த மதகை எப்போது கட்டப் போகிறீர்கள்?"

"கல்லும் மண்ணும் வந்துவிட்டது மேடம். சீமெந்தும் இருக்கிறது. வரும் வாரமே வேலை தொடங்கிவிடும்."

"வந்து எவ்வளவு நாளாச்சுன்னு கேளுங்க மேடம்," என்றாள் சின்னம்மா. "கல்லு மேல புல்லு மொளச்சிருச்சு. புள்ளத்தாச்சிப் பொண்ணுங்களக் கொழுந்து லொறியில ஏத்தி அனுப்புறோம். ஆம்புலன்ஸ் மதகுக்கு அந்தப் பக்கமே நின்னுடுது."

"வரும் வாரம்," என்றார் சின்னத்தொரை மறுபடி. "நிச்சயமாக. எழுதி வேண்டுமானாலும் தருகிறேன்."

"மடுவத்துக் கூரை ஒழுகுது மேடம். மழையில நனைஞ்ச கொழுந்துக்குத் தண்ணி எடைன்னு கழிக்கிறாங்க."

"கூரையும் மாற்றிவிடுவோம்."

பின்னால் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விஜயகலாவைத் தெரிந்த சிலர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். விஜயகலா தலையசைத்தாள். நாடகம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அக்கா "மேடம்" என்கிற ஒவ்வொரு தடவையும் அவளுக்கு உள்ளே என்னவோ குத்தியது. தான் குளிரூட்டிய காற்றில் உட்கார்ந்திருக்கிறாள். அக்கா வெயிலில், வலிக்கிற காலில், கை கூப்பி நிற்கிறாள். விளையாட்டுக்குத்தான். இருந்தாலும் இப்படி ஒரு காட்சி வரக்கூடாது என்றுதானே இவ்வளவு பாடும்.

சின்னம்மாவுக்குக் கால் தாங்கவில்லை போல. சாய்ந்துகொள்ள, சிவப்புக் கதவின் மேல் கையை வைத்தாள். நகத்திலும் விரல் இடுக்கிலும் கொழுந்துக் கறை கறுப்பாக ஏறியிருந்த கை.

"ஏய், கை எடு, கை எடு!" சின்னத்தொரை பதறினார், தனக்குத் தெரிந்த தமிழில். "மேடத்தோட வண்டியில கறை பிடிக்கும்!"

விஜயகலா கதவைத் திறந்தாள்.

இறங்கினால் எல்லாம் கெட்டுப்போகும் என்று அவளுக்குத் தெரியும். மதகு, கூரை, இன்னும் அக்கா கேட்கப்போகிற எல்லாம். ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் அந்த மனிதன் எழுதியே கொடுத்திருப்பான். அவளால் முடியவில்லை. இறங்கி, அந்தக் கறை படிந்த கையை எடுத்துத் தன் தோள் மேல் போட்டுக்கொண்டாள்.

"நான் கம்பனி ஆள் இல்ல," என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. பிறகு சிங்களத்திலும் சொன்னாள். "இது என் அக்கா. இந்தக் கைதான் என்ன வளத்துச்சு. இது படாத எடம் என் வீட்டுல ஒண்ணும் இல்ல. கார்லயும் இருக்கப் போறதில்ல."

சின்னத்தொரையின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. சின்னம்மா தங்கச்சியின் தோளில் சாய்ந்தபடியே அவளை ஒரு முறை முறைத்தாள்.

"கெடுத்தியேடி பாவி! கக்கூஸ் விசயம் இன்னும் சொல்லவே இல்லையே!"

அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் ஒரேயடியாக வெடித்தது. கொழுந்துப் பைகள் குலுங்கின. பின்னால் வெள்ளைக் காரிலிருந்து இறங்கி வந்த ஸ்ரீதரனைப் பார்த்து, "ஐயோ, நம்ம மாஸ்டரயா கிளார்க்குன்னு உக்கார வச்சேன்!" என்று ஓர் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

சின்னத்தொரை மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். ஓடிவிடலாமா என்று யோசித்திருப்பார். சின்னம்மா விடவில்லை. அவளுடைய சிங்களம் பெல்மதுளைச் சந்தையில் பேரம் பேசிப் பேசித் தேய்ந்து கூரானது.

"தொரே, கார் யாருடையதாக இருந்தால் என்ன? நீங்கள் பேசியது காரோடா, எங்களோடா? வரும் வாரம் என்று சொன்னது இங்கே எல்லோர் காதிலும் விழுந்தது." தமிழுக்குத் திரும்பினாள். "விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு!" என்றது தெரு முழுக்க.

அந்த இளைஞர் கெட்டவர் இல்லை. மாறிப் போட்ட பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டார். அந்த நேரத்தில் யோசித்து முடித்தார் போலிருக்கிறது. "அந்தக் கை விஷயம் தப்புதான் அக்கா," என்றார் மெதுவாக. "மதகு கட்டப்படும். சொன்னது சொன்னதுதான்." பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். போகும்போது சிவப்புக் காரின் பக்கம் திரும்பவேயில்லை.

பெண்கள் கொழுந்து நிறுக்கப் போனார்கள். சின்னம்மா மடுவத்துக் கல்லில் உட்கார்ந்தாள். விஜயகலா அவள் பக்கத்தில், பட்டுச் சேலையோடு, அதே கல்லில்.

"அக்கா, நீ ஏன்தான் என் கார்ல ஏற மாட்டேங்குற? அதச் சொல்லு மொதல்ல. கையில கறை, சேலையில அழுக்குன்னு கூச்சமா? என்கிட்டயேவா ஒனக்குக் கூச்சம்?"

சின்னம்மா அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "கூச்சமா? எனக்கா? வீ.ஏ. தொரை காரையே நிறுத்துறவளுக்கு ஒங்கிட்ட என்னாடி கூச்சம்?"

"அப்புறம்?"

"கிளினிக்குக்கு நான் தனியாவா போறேன்? பிலோமினம்மா வருது, அதுக்கும் முழங்கால்தான். இன்னும் ரெண்டு பேருக்குச் சக்கரை. நாலு பேரும் ஒண்ணாத்தான் போறோம், ஒண்ணாத்தான் வர்றோம். நான் தலைவி. நான் மட்டும் தங்கச்சி கார்ல குந்திக்கிட்டு, அவளுகளப் பஸ்ஸுல தொங்கவிட்டுப் போனா, நாளைக்கு எவடி என் பின்னால வந்து நிப்பா? ஒன்னோட அந்தச் சின்னக் கார்ல பின்னால மூணு பொம்பளைங்க ஒக்கார முடியுமா?"

விஜயகலா சிவப்புக் காரின் பின் சீட்டைப் பார்த்தாள். இத்தனை நாளும் தானாக ஒரு காரணத்தைச் செய்து, அதற்குப் பட்டை தீட்டி, அதைப் பார்த்துப் பார்த்து அழுதிருக்கிறாள்.

"இத ஏன்க்கா நீ சொல்லவே இல்ல?"

"நீ கேட்டியா? ஏறு ஏறுன்னுதானே சொன்ன."

விஜயகலாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அழுதுவிட்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பெரிய கல் ஒன்றில் பழுதைக் கண்டுபிடித்துவிட்டால் அவள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் இல்லை.

"பிலோமினம்மாக்கா! உங்க கிளினிக்கு ஜோடி ரெண்டு பேரையும் கூட்டிட்டு இங்க வாங்க. இந்தச் சிவப்புல ஏறுங்க."

பிலோமினம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டே ஏறினாள். பின்னால் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தார்கள் என்றால் அடைந்தார்கள். நடுவில் இருந்தவளின் தோள் முன்னுக்கு வந்தது. பிலோமினம்மாவின் கட்டுப் போட்ட முழங்கால் முன் சீட்டில் இடித்தது. "நல்ல மெத்தைதான் கலா. காலத்தான் வீட்டுல கழட்டி வச்சிட்டு வரணும்," என்றாள் அவள்.

பிறகு வெள்ளை. ஸ்ரீதரன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். 'அப்பவே சொன்னேனே' என்று குத்திக்காட்டவில்லை, அந்தப் பெருந்தன்மைக்காகவே அவனுக்கு ஒரு பரிசு கொடுக்கலாம். மூன்று பேரும் ஏறினார்கள். காலை நீட்டினார்கள். பிலோமினம்மா ஒரு பெருமூச்சு விட்டுச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"வெள்ளைய வாங்கு," என்றாள் சின்னம்மா.

விஜயகலா சிவப்புக் காரைத் திரும்பிப் பார்த்தாள். பகல் வெயிலில் அது இன்னும் ஆழமாகத் தெரிந்தது. "சிவப்பு அழகா இல்லையாக்கா?"

"அழகுதான். யாரு இல்லேன்னா? ஆனா அதுக்குள்ள நீ இருந்தது எனக்கே தெரியல. கூடப் பொறந்தவள கையால அடிச்சு எறக்கப் பாத்தேன். ஒன் காரு வந்தா நீ வர்றேன்னு தெரியணும் புள்ள." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள்: "அந்தக் காரத் திருப்பிக் குடுக்கையில றஊப் பாய்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வை. கக்கூஸ் விசயத்துக்கு மறுபடி ஒருநாள் தேவைப்படும்."

அன்று பின்னேரம் விஜயகலா சிவப்புச் சாவியை றஊப்பிடம் திருப்பிக் கொடுத்தாள். "மனசு மாறிட்டுதா தங்கச்சி?" என்று கேட்டார் அவர். "இல்ல நானா. சிவப்பு நல்ல கல்லு. ஆனா அக்கா விரலுக்குப் பொருந்தல," என்றாள். றஊப் பொனட்டில் கையளவு ஒரு கறையைப் பார்த்துவிட்டுத் துணியை எடுக்கப் போனார். "இருங்க, நானே தொடைக்கிறேன்," என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த கிளினிக் நாள். மதகில் ஒரு பக்கம் புது சீமெந்து, மறுபக்கம் வேலையாட்கள் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கார் அதன்மேல் மெதுவாக ஏறி இறங்கியது. பின்னால் மூன்று பேரும் யார் வீட்டுக் கதையையோ உரித்துக்கொண்டு வந்தார்கள். முன் சீட்டில் சின்னம்மா, வெள்ளைச் சேலை, தலையில் பூ. கண்ணாடியை முழுக்க இறக்கி முழங்கையை வெளியே வைத்திருந்தாள்.

கேட்டில் அழகமுத்து உட்கார்ந்திருந்தார். சலூட் இல்லை. எழுந்திருக்கக்கூட இல்லை. காரைப் பார்த்ததும் பஸ்ஸை நிறுத்துகிற மாதிரிக் கையை நீட்டினார்.

"கலா, நல்லவேளை வந்த. பெல்மதுளைச் சந்தி வரைக்கும் ஏத்திட்டுப் போ."

விஜயகலா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முன் சீட்டிலிருந்து வந்தது குரல்.

"எடமில்ல வாச்சரண்ணே. எங்க கார் நெறஞ்சு போச்சு. நீங்க பஸ்ஸுல வாங்க."